நியூயார்க்கை வாட்டிய பத்து நாள் வெயில்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டிடங்களும் பனிப்பொழிவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நகரத்தில் வெயிலுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பலியான வரலாறும் உண்டு. அது 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்.

ஏறத்தாழ பத்து நாட்கள் வெப்பம் தணியவே இல்லை. வெப்பமானி காட்டியது 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்று மேல்தான். செல்சியஸில் சொன்னால் 32-ஐத் தாண்டிய அளவு. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை எப்படிக் காயும்? உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளையே பாதிக்கப்படும். இதைத்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறோம்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்கள். பகல் முழுவதும் வெயிலில் உழைப்பு. லீவு போட்டால் கூலி கிடையாது. இரவில் வீடு திரும்பினால் அதுவும் அடுப்புதான்! நெருக்கமான செங்கல் குடியிருப்புகளில் பல அறைகளுக்கு வெளிக்காற்றே வராது. மொட்டை மாடியில் படுத்தவர்களில் சிலர் தூக்கத்தில் உருண்டு கீழே விழுந்து இறந்தார்கள். பூங்காக்களில் படுக்கவோ தடை இருந்தது. வண்டி இழுத்த குதிரைகளும் தெருவிலேயே விழுந்து செத்தன.

நகர நிர்வாகம் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. பொதுப்பணித் துறை தன் தொழிலாளர்களின் வேலை நேரத்தை வெயில் குறைந்த பொழுதுக்கு மாற்றியது. தெருக்களில் தண்ணீர் பீய்ச்சினார்கள். பூங்காத் தடை தளர்ந்தது. அப்போது போலீஸ் ஆணையர் குழுவின் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். ஏழைகளுக்கு இலவசமாக ஐஸ் கட்டி வழங்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். ஐஸ் அன்று ஏழைகளின் கைக்கு எட்டாத பொருள்.

அதற்குள் சுமார் 1,300 முதல் 1,500 பேர் இறந்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். வெள்ளமும் புயலும் இடிபாடுகளை விட்டுச் செல்லும். வெயில் அப்படி எதையும் விட்டுச் செல்வதில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தப் பேரழிவு சீக்கிரமே மறக்கப்பட்டது.

வேலை நேரத்தை மாற்றுவது, குளிர்ந்த நீர் கொடுப்பது, காற்றோட்டமான இடத்தைத் திறந்துவிடுவது... இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை, பெரிய செலவும் இல்லை. இன்றும் மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். ஒரு வாரம் முன்னதாகச் செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.