லினக்ஸில் ஐ.எஸ்.டி.என். ஆதரவு

பழைய டெலிபோன் கம்பியிலேயே குரலையும் தரவையும் டிஜிட்டலாகக் கொண்டுசெல்லும் ஐ.எஸ்.டி.என். இணைப்புக்கான கார்டுகளை லினக்ஸில் ஓடவைத்த டிரைவர்களின் தொகுதி. இதன் வரலாறு பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தது. அங்கே 1989இல் தொடங்கிய சேவை 1990களில் வீடுகளுக்குள்ளும் பரவியது. வீட்டு இணைப்பில் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு ‘பி’ தடங்கள், அழைப்பை நடத்த 16 கிலோபிட்டில் ஒரு ‘டி’ தடம்.

கார்டுகள் இரு வகை. ஏவிஎம் நிறுவனத்தின் பி1 போன்ற ‘ஆக்டிவ்’ கார்டில் தனிச் செயலி உண்டு. எக்ஸ்சேஞ்சுடன் பேசுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். ‘பாசிவ்’ கார்டு மலிவு. ஆனால் கம்பியில் பிட்டுகளை ஏற்றி இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. வீடுகளுக்கு வந்தது மலிவானதுதான். அதனால் ஒரு டெலிபோனுக்கு வேண்டிய அறிவு அத்தனையையும் கெர்னலுக்குள் எழுத வேண்டியதாயிற்று.

ஃப்ரிட்ஸ் எல்ஃபர்ட் முன்நின்று உருவாக்கிய ‘ஐஎஸ்டிஎன்4லினக்ஸ்’ 1996இல் வெளியான 2.0 கெர்னலில் இருந்தது. அதன் பகுதியாகக் கார்ஸ்டன் கைல் எழுதிய ‘ஹைசாக்ஸ்’ பாசிவ் கார்டுகள் பலவற்றை ஒரே டிரைவரில் அடக்கியது. அதனிடம் கார்டின் பெயர் சொல்லிப் பயனிருக்கவில்லை, எண்தான் சொல்ல வேண்டியிருந்தது: ஏவிஎம்மின் ஃபிரிட்ஸ் பிசிஐ கார்டுக்கு 27. நெறிமுறைக்கும் எண்தான்: ஜெர்மனியின் பழைய 1டிஆர்6 முறைக்கு 1, ஐரோப்பியப் பொது முறைக்கு 2. பாக்கெட் ஒன்று வெளியே போக முயன்றாலே லைன் தானாக டயல் ஆகும்படி அமைக்க முடிந்தது. வசதிதான், கேட்பாரற்ற பாக்கெட்டுகள் ராத்திரியெல்லாம் டயல் செய்தால் பில்லும் அதற்கேற்ப வரும்.

இவ்வரலாற்றின் விசித்திரமான பகுதி, அங்கீகாரம். பொதுத் தொலைபேசி வலையில் மாட்டும் கருவிக்கு அன்று ஒப்புதல் வேண்டியிருந்தது. பாசிவ் கார்டில் கருவியின் பாதி மென்பொருள் என்பதால் ஹைசாக்ஸும் அந்தச் சோதனைக்குப் போனது. எல்சா மைக்ரோலிங்க், ஐகான் டிவா 2.01 போன்ற கார்டுகளோடு சேர்த்து ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ஒப்புதல் குறிப்பிட்ட மூலநிரலுக்கு மட்டுமே. கம்பைல் செய்கையில் கோப்புகளின் எம்டி5 கூட்டெண் சரிபார்க்கப்படும்; ஒரு வரி மாறியிருந்தாலும், டிரைவர் ஏறும்போது ஒப்புதல் செல்லாது என்று செய்தி வரும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற உரிமத்தோடு வந்த நிரல், திருத்தியவரைக் காட்டியும் கொடுத்தது. டிரைவர் என்னவோ வழக்கம்போல ஓடும்.

லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளக் குடும்பமான பிஎஸ்டி பக்கத்தில் ஹெல்முத் மிகேலிஸின் ‘ஐஎஸ்டிஎன்4பிஎஸ்டி’ இருந்தது. பல செயலிகளுக்கேற்ற பூட்டுமுறைக்கு அது மாற்றப்படாததால், 2008இல் ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையிலிருந்து எடுக்கப்பட்டது.

அதே ஆண்டில் லினக்ஸின் 2.6.27 கெர்னலில் ‘எம்ஐஎஸ்டிஎன்’ என்ற புதிய டிரைவர் தொகுதி சேர்ந்தது. இதிலும் கைலின் பங்கே பெரிது. அழைப்பு நடத்தும் மேலடுக்கு இதில் கெர்னலை விட்டு வெளியே வந்தது. ஜெர்மனியில் இணைப்புகள் இணையவழிக் குரலுக்கு மாறிக்கொண்டிருந்த 2019இல், 5.3 கெர்னல் ஐஎஸ்டிஎன்4லினக்ஸை ஹைசாக்ஸோடு நீக்கியது. ஏவிஎம் ஆக்டிவ் கார்டுகளின் டிரைவர்கள் 2020இல் 5.6 கெர்னலோடு போயின. எம்ஐஎஸ்டிஎன் மட்டும் விட்டுவைக்கப்பட்டது.