தீர்ப்பு எழுதப்படாத வழக்கு



"மிலோசெவிச் நிரபராதி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே, சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வாட்ஸப்பில் வந்ததாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செர்பியாவின் முன்னாள் அதிபர் ஸ்லோபதான் மிலோசெவிச். குரோஷியா, போஸ்னியா, கொசோவோ போர்களுக்காக அவர்மீது இனப்படுகொலை உட்பட 66 குற்றச்சாட்டுகள். நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஐ.நா. தீர்ப்பாயத்தில் 2002 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. வக்கீல் வேண்டாமென்று தானே வாதாடினார். சட்டம் படித்தவர், குறுக்கு விசாரணையில் சாட்சிகளைத் திணறடிப்பார். இரத்த அழுத்தமும் இதய நோயும் இருந்ததால் வழக்கு அடிக்கடி நின்றது. நடுவில் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மே உடல்நலமின்றி விலகி, 2004-இல் காலமானார்.

2006 மார்ச் 11 காலை, வழக்கு முடியும் தறுவாயில், மிலோசெவிச் சிறை அறையில் இறந்து கிடந்தார். வயது 64.

சர்ச்சை அங்கேதான் தொடங்கியது. ஜனவரியில் எடுத்த இரத்தத்தில் ரிஃபாம்பிசின் இருந்தது. நம்மூரில் காசநோய்க்குக் கொடுப்பார்களே, சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகுமே, அதே மருந்துதான். இரத்த அழுத்த மாத்திரைகளின் வேகத்தை அது குறைத்துவிடும். "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்று சாவுக்கு மூன்று நாள் முன்பு ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதினார். மாஸ்கோவில் சிகிச்சை பெறத் தீர்ப்பாயம் அனுமதி மறுத்திருந்தது; அங்கே போவதற்காக அவரே அதை விழுங்கியிருப்பார் என்றார் இரத்தத்தைப் பரிசோதித்த டச்சு நிபுணர். பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு என்று வந்தது, விஷம் எதுவும் இல்லை. நீதிபதி கெவின் பார்க்கரின் விசாரணையும் இயற்கை மரணம் என்றே முடித்தது. ஆனாலும் கைதியைக் காப்பது சிறையின் பொறுப்பல்லவா? வேண்டாத மருந்து உள்ளே போனதற்கு அவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

மார்ச் 14 அன்று வழக்கு முடித்துவைக்கப்பட்டது. விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை.

பிறகு எப்படி "நிரபராதி" ஆனார்? 2016-இல் கராட்ஜிச் என்ற வேறொருவரின் வழக்கில், அங்கே வைக்கப்பட்ட சாட்சியங்கள் மிலோசெவிச்சும் அந்தத் திட்டத்துக்கு உடன்பட்டார் என்று காட்டப் போதாது என்று ஒரு வரி வந்தது. அந்த வழக்கில் அவர் குற்றவாளிக் கூண்டிலேயே இல்லை! அவருடைய சொந்த வழக்கில், இனப்படுகொலைக் குற்றச்சாட்டைத் தள்ள வேண்டும் என்ற கோரிக்கையை நீதிபதிகள் 2004-இலேயே நிராகரித்திருந்தார்கள். இதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

பொசரேவாட்ஸ் ஊரில், தன் வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் அடக்கமானார். ஸ்ரெப்ரெனிட்சாவில் மகன்களைப் பறிகொடுத்த தாய்மார் அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தது நான்கு ஆண்டு.