எழுதி வைத்த வசனம் இல்லை: கதாபாத்திரம் மட்டும் மேடையில் நிற்பது எப்படி?

"காஸ்வே நெரிசல்ல மாட்டிக்கிட்ட பஸ்!" என்று பார்வையாளர் ஒருவர் குரல் கொடுக்கிறார். அடுத்த நொடியே நீங்கள் நடிக்க வேண்டும். கையில் வசனம் கிடையாது. இதுதான் இம்ப்ரோ. ஜொகூர் பாரு இளைஞர்களுக்கு இது புதிதாகத் தெரியலாம். ஆனால், மலாயா மேடைக்கு இது பழைய பழக்கம்.

பங்சாவான் எப்படி இயங்கியது?

1870களில் இந்தியாவிலிருந்து பினாங்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் பிறந்தது பங்சாவான். 1885-இல் மாமாக் புஷி தொடங்கிய குழு இதற்கு வழிகாட்டி. முழு வசனமும் எழுதப்படுவதில்லை. கதைச் சுருக்கமும் காட்சி வரிசையும் மட்டுமே நடிகர்களுக்குத் தரப்படும். ராஜா, நாயகன், நாயகி, ஜின், கோமாளி என ஆளுக்கொரு வகைப் பாத்திரம். 'இந்த ராஜா எப்படிப் பேசுவார்' என்பது நடிகருக்கு அத்துப்படி. அதனால் வசனம் தானாக வந்தது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இதே வழியில்தான் பேசுகிறான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆசை: பாத்திரத்துக்கு இப்போதே ஒன்று வேண்டும். பஸ்ஸில் இருப்பவர் 8 மணி ஷிப்ட்டுக்குப் போயாக வேண்டும் என்றால், அவர் பேச்சே மாறிவிடும்.

அந்தஸ்து: யார் மேலே, யார் கீழே? 1979-இல் வெளியான 'இம்ப்ரோ' நூலில் கீத் ஜான்ஸ்டன் வலியுறுத்தியது இதைத்தான். தலையை அசைக்காமல் பேசிப் பாருங்கள், அதிகாரம் தெரியும். அடிக்கடி முகத்தைத் தொட்டுக்கொண்டு பேசினால் அது குறையும்.

உறவு: "யாருங்க நீங்க?" என்று தொடங்காதீர்கள். "அண்ணே, போன மாசம் வாங்கின காசு என்னாச்சு?" என்றால் கதை ஓடத் தொடங்கிவிடும்.

பிடிவாதம்: சிரிப்பு வந்ததும் பாத்திரத்தை விட்டு இறங்காதீர்கள்.

எங்கே கவனம் தேவை?

அவசரத்தில் பலர் பிடிப்பது இன்னொருவரின் பேச்சுவழக்கைத்தான். தோட்டத்துத் தமிழ், சீனர் பேசும் மலாய், திக்குவாய் என்று கேலி செய்தால் சிரிப்பு வரும். ஆனால் அங்கே மனிதர் இருக்க மாட்டார், பொம்மைதான் இருக்கும். பல இனத்தவர் சேர்ந்து உட்காரும் ஜொகூர் அரங்கில், முன்வரிசையில் ஒருவர் முகம் சுருங்கினால் நாடகம் அங்கேயே தோற்றுவிடும். குரலைக் கடைசியில் சேருங்கள். 'இவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்' என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.