சாடியும் கலயமும்

பியர் மேனாட்டாரின் சரக்கு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், வீட்டில் அரிசிக்கள் ஆக்கும் முறையைச் சங்கநூலாகிய பெரும்பாணாற்றுப்படை படிப்படியாக உரைக்கிறது. அரிசிக்கூழை அகன்ற தட்டில் ஆற்றி, இடித்த முளைநெல்லைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு வடித்தனர். பார்லி முளையில் தொடங்கும் பியரின் வழியும் ஏறத்தாழ இதுவே.

நம் தாமிரபரணியின் கழிமுகத்துக் கொற்கையைக் கள்ளுண்போர் குடியிருப்புகள் சூழ்ந்திருந்தமையை மதுரைக்காஞ்சி சுட்டுகிறது. இவ்வாற்றுப் பக்கத்துப் பனையேறிகளோ மற்றொரு கலையிலும் வல்லவர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளைச்சாறு புளியாமல் பதநீராக நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்தில் கள்ளாகும்.

1987-இல் தமிழகம் கள்ளைத் தடைசெய்தது. ஆயினும் குடியால் குலைந்த குடும்பங்கள் நம் தெருக்களில் குறையவில்லை. முன்னோர் விளைவிக்கவும் அறிந்திருந்தனர். வேண்டியவிடத்து நிறுத்தவும் அறிந்திருந்தனர். அந்த இரண்டாம் அறிவையே நாம் இழந்தோமோ?