இரண்டு மாதச் சம்பளம்

1980களில் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டியவர்களின் கண்ணில் ஒரு விளம்பரம் அடிக்கடி பட்டிருக்கும். இரண்டு மாதச் சம்பளத்தைக் காலமெல்லாம் நிலைக்கச் செய்வது எப்படி என்று அது வாசகனைக் கேட்டது. மணக்கப்போகும் பெண்ணுக்கு ஒரு வைர மோதிரம் வாங்குவதே அதன் விடை. ஜப்பானில் அதே நிறுவனத்தின் விளம்பரம் மூன்று மாதச் சம்பளம் என்றது. அமெரிக்கனுக்கு இரண்டு மாதம், ஜப்பானியனுக்கு மூன்று மாதம் என்று அளந்து கொடுத்தவர் யார்? பாட்டன் காலத்து வழக்கம் என்றே இன்றும் பலர் எண்ணிக்கொண்டிருக்கும் இந்தக் கணக்குக்குப் பெற்றோரும் உண்டு, பிறந்த ஆண்டும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மோதிரம் வாங்கப் போகிறவனுடைய பணம் மிச்சமாகலாம். மரபு என்று நாம் சொல்லும் ஒன்று எவ்வாறு விளைவிக்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்து வைரங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தே சென்றன. கிருஷ்ணை ஆற்றங்கரையில் கொல்லூரில் அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாக 17ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதியிருக்கிறார். 1720களில் பிரேசிலிலும் வைரம் கிடைத்தது. ஆயினும் அது அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. 1477இல் ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியன் பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் அணிவித்தார் என்பதை இன்றைய நகைக்கடைக்காரர்கள் மரபின் தொடக்கமாகக் காட்டுவார்கள். அது ஓர் அரச குடும்பத்துத் திருமணம். அந்தக் காலத்துத் தச்சனும் உழவனும் அப்படி எதுவும் செய்துவிடவில்லை.

1867இல் தென்னாப்பிரிக்காவில், ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் கண்டெடுத்த கூழாங்கல் வைரம் என்று அறியப்பட்டபோது நிலைமை மாறியது. 1871இல் டி பியர் என்ற சகோதரர்களின் பண்ணை நிலத்தில் சுரங்கம் தோன்றியது. கூட்டம் கூட்டமாக வந்த தோண்டுபவர்களைச் சமாளிக்க முடியாமல் அவர்கள் நிலத்தை 6,300 பவுனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அருகில் இருந்த கிம்பர்லிக் குன்று பள்ளமாகி, 1914இல் மூடப்படுவதற்குள் ஏறத்தாழ 2,700 கிலோ வைரத்தைத் தந்தது. அரிதாக இருந்ததால் விலை பெற்ற ஒரு பொருள் கிலோக் கணக்கில் வரத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைச் சுரங்க முதலாளிகள் உடனே உணர்ந்தார்கள். 1888இல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை ஒன்றிணைத்து டி பியர்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார். மறு ஆண்டு, கிம்பர்லிச் சுரங்கத்தை வாங்க அவர் எழுதிய காசோலையின் தொகை 53,38,650 பவுன். எவ்வளவு கல் வெளியே செல்ல வேண்டும் என்பதை ஒரே கை தீர்மானிக்கும் நிலை அவ்வாறு பிறந்தது.

அந்தக் கற்களைத் தோண்டிய ஆப்பிரிக்கர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1880களின் நடுவிலிருந்து, ஒப்பந்தக் காலம் முடியும் வரை அவர்கள் அடைப்புக் குடியிருப்புகளில் பூட்டி வைக்கப்பட்டார்கள். வெளியேறுமுன் கல்லை விழுங்கியிருக்கிறார்களா என்று நாட்கணக்கில் சோதிக்கப்பட்டார்கள். பிற்காலத்துத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் அடைப்பு முறைக்குக் கிம்பர்லியே முன்மாதிரி. நிலையான அன்பின் சின்னம் என்று பின்னாளில் சொல்லப்பட்ட பொருள், தன் குடும்பத்தைக் காணமுடியாமல் அடைபட்டுக் கிடந்த மனிதனின் கையால் எடுக்கப்பட்டது.

1930களின் பெருமந்தத்தில் வைரத்தை வாங்க ஆளில்லை. 1938 செப்டம்பரில், நிறுவனத் தலைவர் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமரின் மகன் ஹாரி, 29 வயது இளைஞர், நியூயார்க் வந்து என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தின் தலைவரைச் சந்தித்தார். அமெரிக்காவில் அப்போதே நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் பதிக்கும் பழக்கம் இருந்தது. ஆனால் சிறிய, மட்டமான கற்களே விற்றன. பெரிய கல்லை வாங்கச் செய்வதே அயருக்குத் தரப்பட்ட பணி. திரைப்பட நட்சத்திரங்களின் விரல்களில் மோதிரங்கள் மின்னின, செய்தித்தாள்களில் அவை பற்றிய குறிப்புகள் வந்தன, பிக்காசோ, தாலி போன்றோரின் ஓவியங்கள் விளம்பரப் பக்கங்களை அலங்கரித்தன. மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவின் வைர விற்பனை 55 விழுக்காடு கூடியதாக அயர் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. இந்த வரலாற்றை அயரின் ஆவணங்களிலிருந்து எடுத்து 1982இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதியவர் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன்.

1947இல் அந்நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண், ஓர் இரவு தூங்கப் போகுமுன் ஒரு தாளில் சில சொற்களைக் கிறுக்கினார். வைரம் என்றென்றைக்கும் ஆனது என்பது அதன் பொருள். மறுநாள் கூட்டத்தில் யாரும் பெரிதாக மகிழவில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து டி பியர்ஸின் மோதிர விளம்பரங்கள் அனைத்திலும் அந்த வாசகம் இடம்பெற்றது. 1999இல் அதையே நூற்றாண்டின் சிறந்த விளம்பர வாசகமாக ‘அட்வர்டைசிங் ஏஜ்’ இதழ் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் ஜெரட்டி இறந்தார். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. வேதியியல்படி பார்த்தால் அவர் சொன்னது உண்மையுமல்ல. வைரம் வெறும் கரி என்பதை 1797இல் ஸ்மித்சன் டென்னண்ட் எரித்தே நிறுவினார். ஆனால் அந்த வாசகத்துக்கு வணிக நோக்கம் ஒன்று இருந்தது. என்றென்றைக்கும் உரியதை யாரும் விற்க மாட்டார்கள். வீடுகளில் இருக்கும் பழைய கற்கள் சந்தைக்குத் திரும்பினால் புதிய கல்லின் விலை சரியும். அன்பின் பெயரால் அந்தக் கதவு அடைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விளம்பரத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. மார்கரெட் பிரினிக் என்ற சட்டப் பேராசிரியர் 1990இல் எழுதிய கட்டுரை வேறொரு காரணத்தைச் சுட்டுகிறது. திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்துவிட்டுக் கைவிட்டவன்மீது பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர அமெரிக்கச் சட்டம் முன்பு இடமளித்தது. 1935இல் இண்டியானா மாநிலம் அந்த உரிமையை நீக்கியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நிச்சயத்துக்குப் பின் நெருங்கிப் பழகிவிட்டுக் கைவிடப்பட்ட பெண்ணுக்கு அந்நாளில் வேறு வரன் அமைவது எளிதல்ல. சட்டம் கைவிட்ட இடத்தில், விலையுயர்ந்த மோதிரம் ஒரு பிணைத்தொகையாக வந்து சேர்ந்தது என்பது பிரினிக்கின் வாதம். மோதிரங்களுக்கான தேவை டி பியர்ஸ் விளம்பரங்களுக்கு முன்பே, 1935 அளவிலேயே உயரத் தொடங்கியதை அவர் காட்டுகிறார். மோதிரம் ஏன் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியிருந்தது என்பதற்கு நான் படித்தவற்றுள் மனத்தை உறுத்தும் விளக்கம் இதுவே. இன்று நிலை தலைகீழ். திருமணம் நடவாவிட்டால் மோதிரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம். 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், தவறு யாருடையது என்று பார்க்காமலேயே 70,000 டாலர் மோதிரம் ஒன்றைக் கொடுத்தவரிடமே சேர்ப்பித்தது.

ஜப்பானில் அந்தச் சட்டக் காரணமும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை. 1967இல் அங்கே மண உறுதி செய்துகொண்ட பெண்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றிருந்தார்கள். மேலைநாட்டு நவநாகரிகத்தின் அடையாளமாக அதைக் காட்டிய விளம்பரங்களுக்குப் பின், 1981இல் அது ஏறத்தாழ அறுபது பேராயிற்று. பதினான்கே ஆண்டுகளில் ஒரு மரபு!

சரி, வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவன் எதற்குப் பணம் கொடுக்கிறான்? எடை, வெட்டு, நிறம், தெளிவு என்ற நான்கையும் கடைக்காரர் சொல்வார். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 1950களில் ஒழுங்குபடுத்திய அளவுகோல் இது. குறைகளை வகைப்படுத்துவது புதிதல்ல. மதுரை இரத்தினக் கடைவீதியை வருணிக்கும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, காக்கைக்கால் போன்ற வடு, கறை, புள்ளி, கீற்று என்ற நால்வகைக் குற்றமும் நீங்கிய வைரங்களைப் பேசுகிறது.

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், நம் கடைக்காரர்களின் கணக்கில் நூறு சென்ட். எடை கூடக் கூட ஒவ்வொரு கேரட்டின் விலையும் கூடும். முழு எண்ணைத் தொட்டதும் சட்டென்று தாவும். 100 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர், 90 சென்ட் கல்லினுடையது சுமார் 6.2. விரலில் போட்டால் வேறுபாடு தெரியாது, பில்லில் தெரியும். நிறத்தின் வரிசை ‘டி’யில் தொடங்கி ‘இசட்’டில் முடிகிறது. ‘ஜி’, ‘எச்’ கற்கள் பழகாத கண்ணுக்கு நிறமற்றவையே. தெளிவைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கண்ணாடியோடு யாரும் மணமகளின் விரலைப் பார்ப்பதில்லை. வெட்டு ஒன்றில்தான் சிக்கனம் கூடாது. ஒளியை உள்வாங்கித் திருப்பி அனுப்புவது அதுவே. நல்ல வெட்டுள்ள சிறிய கல், மோசமான வெட்டுள்ள பெரிய கல்லைவிட அழகாக இருக்கும்.

இதை முதலீடு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடையில் கொடுத்த விலை, விற்கப் போகும்போது திரும்பி வருவதில்லை. தமிழ்நாட்டில் வைரம் காதுக்கும் மூக்குக்கும் உரியதாக இருந்தது. ‘புளூ ஜாகர்’ என்று பாட்டிமார்கள் பெருமையோடு சொன்ன கல்லின் பெயரே தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தத் தோடுகள் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போயின. கஷ்டகாலத்தில் அடகுக்கும் போயின. மோதிரத்துக்கு டி பியர்ஸ் கற்பித்த புனிதம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது கல்லின் நிலையே ஆட்டம் காண்கிறது. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவான செயற்கை வைரம், இன்று மோதிரக் கல்லாகச் சூரத் நகரிலேயே விளைகிறது. வேதியியல்படி அதுவும் வைரமே, விலையோ இயற்கைக் கல்லின் விலையில் சிறு பங்கு. 2018இல் டி பியர்ஸே கேரட் 800 டாலருக்கு ஆய்வகக் கல் விற்க இறங்கியது. விலைகள் மேலும் சரியவே 2025இல் அந்த வணிகத்தை மூடுவதாக அறிவித்தது.

2014இல் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர், மணமான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,000 முதல் 4,000 டாலர் வரை மோதிரத்துக்குச் செலவிட்ட ஆண்களிடையே, 500 முதல் 2,000 டாலர் வரை செலவிட்டவர்களைவிட மணமுறிவு சுமார் 1.3 மடங்கு மிகுதியாக இருந்தது. விலையுயர்ந்த மோதிரம் மணத்தை முறிக்கும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் செலவு கூடினால் உறவு உறுதிப்படும் என்ற விளம்பர வாக்குறுதிக்கு அதில் ஆதாரம் இல்லை.

ஆகவே எவ்வளவு செலவிடலாம் என்று கேட்டால், இரண்டு மாதம் என்ற எண்ணை முதலில் மறந்துவிடலாம். அது கடனையோ, வாடகையையோ, வரப்போகும் குழந்தையையோ அறியாத எண். கடைக்குள் நுழையுமுன், கடன் வாங்காமல் தரக்கூடிய தொகை எது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் ஆணிடம் மட்டுமே பேசிவந்தன. பணத்தைப் பற்றி அந்த இருவரும் மனம்விட்டுப் பேசும் முதல் சந்தர்ப்பமாக அது அமைந்தால், கல்லைவிட அதுவே பின்னாளில் அதிகம் உதவும்.