காமராஜரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன்: 1967-க்கு அப்புறம் என்ன ஆனார்?

விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தது யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் 'பெ.சீனிவாசன்' என்று சட்டுனு பதில் வரும். சரி, அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்? இங்கேதான் பலரும் முழிப்பாங்க.

ஒரு தேர்தல் முடிவோடு நின்றுபோன பெயர் இல்லை அது. தமிழக சட்டமன்ற வரலாற்றில் பெரும் அமளி நடந்த இன்னொரு நாளிலும் மையத்தில் இருந்தவர் இதே சீனிவாசன்தான்.

சொந்த ஊரில் விழுந்த அடி

1967-ல் விருதுநகர் என்று தனி மாவட்டமே கிடையாது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாமே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரத்துக்கு விருதுநகர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலுக்கு சிவகாசி என்று இந்த வட்டாரத்துக்கு அப்பவே பேர் உண்டு.

காமராஜர் 1957, 1962 என இரண்டு பொதுத் தேர்தல்களிலும் பக்கத்து சாத்தூரில் நின்று ஜெயித்தவர். 1967-ல் பிறந்த ஊரான விருதுநகருக்கே வந்தார். அப்போது அவர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சாஸ்திரி, இந்திரா காந்தி என இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்ததில் முக்கியப் பங்கு வகித்தவர். எதிரில் திமுக நிறுத்தியதோ ஒரு மாணவர் தலைவரை.

முடிவு: 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் சீனிவாசன் வெற்றி.

இது தனிப்பட்ட ஒருவருக்கு விழுந்த ஓட்டு மட்டும் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மாணவர்களில் சீனிவாசனும் ஒருவர். கா.காளிமுத்து, எல்.கணேசன், துரைமுருகன் எல்லாம் அந்தக் காலத்து மாணவர் தலைவர்கள்தான். துப்பாக்கிச்சூடு, உயிரிழப்புகள் தந்த கோபம் இரண்டு வருஷம் ஆகியும் ஆறவில்லை. அதோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. முதல்வர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். திமுக 137 இடங்களைப் பிடித்து முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது.

ஒரே அவையில் இரண்டு நாற்காலிகள்

1971-ல் அமைந்த புதிய பேரவையில் சீனிவாசன் துணை சபாநாயகர் ஆனார். சபாநாயகர் கே.ஏ.மதியழகன். திமுகவைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர், சாதாரண ஆள் இல்லை.

1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர், உடனே அதிமுகவைத் தொடங்கினார். கலைஞர் அரசு பதவி விலகி மீண்டும் மக்களிடம் போக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நவம்பர் 13-ம் தேதி சபாநாயகர் மதியழகனும் அதே கருத்தைச் சொல்லிவிட்டு, அவையை டிசம்பர் 5-ம் தேதிக்கு ஒத்திவைத்தார். ஆளுங்கட்சிக்கு அதிர்ச்சி. சபாநாயகரை நீக்க தீர்மானம் கொண்டுவரப்பட்டது. டிசம்பர் 2-ம் தேதியே பேரவையும் கூட்டப்பட்டது.

அன்று நடந்ததைப் படித்தால் இன்றைக்கும் நம்ப முடியாது. நீக்கத் தீர்மானம் தன் மீதே இருந்தும் மதியழகன் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. துணை சபாநாயகர் அவையை நடத்தட்டும் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் முடிவெடுத்தனர். சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. சீனிவாசன் அதில் உட்கார்ந்தார்.

மேலே ஒரு தலைவர், கீழே ஒரு தலைவர். அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பேச எம்.ஜி.ஆரை மதியழகன் அழைக்கிறார். சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தை சீனிவாசன் நடத்துகிறார். ஒரே நேரத்தில், ஒரே அவையில். கடைசியில் எம்.ஜி.ஆரும் அவரது கட்சியினரும் வெளிநடப்பு செய்ய, மதியழகன் பதவியிழந்தார். சட்டசபை செத்துவிட்டது என்று எம்.ஜி.ஆர் சொன்னது இந்த நாளில்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

அரசியலமைப்பின் 179-வது பிரிவுப்படி சபாநாயகரை நீக்க 14 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். அவையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பான்மை என்பது போதாது; அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும்.

தீர்மானம் பரிசீலனையில் இருக்கும்போது சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது என்கிறது 181-வது பிரிவு. ஆனால் அவையில் இருக்கலாம், பேசலாம், ஓட்டும் போடலாம். எந்த விஷயத்தை முதலில் எடுப்பது என்று 1972-ல் கிளம்பிய தகராறில் இந்த விதியே கேள்விக்குறியானது. மதியழகன் இறங்கி வந்து தன் தரப்பைச் சொல்லியிருந்தால், இரண்டாவது நாற்காலிக்கு வேலையே இருந்திருக்காது.

சபாநாயகர் பதவி காலியானால் அந்தப் பணியைத் துணை சபாநாயகர் பார்ப்பார் என்பது 180-வது பிரிவு. அதன்படி, 1973 ஆகஸ்டில் புலவர் கா.கோவிந்தன் சபாநாயகராகும் வரை சுமார் 8 மாதம் பேரவையை நடத்தியது சீனிவாசன்தான். முழுநேர சபாநாயகர் பதவி அவருக்கு வரவில்லை. துணை சபாநாயகராக 1974 வரை இருந்தார்.

தோற்றவர் கதையும் அத்தோடு முடியவில்லை. 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து காமராஜர் மக்களவைக்குப் போனார். 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்து உருவாக்கிய மாவட்டத்துக்கு முதலில் வைத்த பெயரே காமராஜர் மாவட்டம். அதுதான் இப்போதைய விருதுநகர் மாவட்டம்.

53 வருஷம் கழித்து...

2025 மார்ச் 17. சபாநாயகர் அப்பாவுவை நீக்கக் கோரி அதிமுக கொண்டுவந்த தீர்மானம் பேரவைக்கு வந்தது. இந்த முறை இரண்டாவது நாற்காலி எதுவும் தேவைப்படவில்லை. அப்பாவு எழுந்துகொண்டார், துணை சபாநாயகர் கு.பிச்சாண்டி அவையை நடத்தினார். தீர்மானத்துக்கு ஆதரவாக 63 பேர், எதிராக 154 பேர். தீர்மானம் தோற்றதும் அப்பாவு திரும்பவும் தன் இருக்கைக்கு வந்தார்.