ஓ.ஜே. 287

கடக ராசியில், பூச நட்சத்திரக் கூட்டத்துக்குச் சற்றுக் கிழக்கே, நடுத்தரமான தூரதரிசினியில் மங்கலானதொரு நட்சத்திரம்போலவே தோன்றுகிற ஓ.ஜே. 287 என்பது உண்மையில் நட்சத்திரம் அன்று. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் தன்னைவிட்டுப் புறப்பட்ட ஒளியால் இன்று நமக்குக் காட்சி தருகின்ற, கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய ஓர் அண்டத்தின் மையமாகும். பிளேசார் என்னும் வகுப்பைச் சேர்ந்த இப்பொருள், அதன் பிரகாசம் மாறுகின்ற விதத்தாலும், அதிலிருந்து பீறிடும் தாரை ரேடியோப் படங்களில் வளைந்தும் திசைமாறியும் காணப்படுகின்ற விசித்திரத்தாலும், அதன் நடுவே ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு கருந்துளைகள் உள்ளன என்று வானசாஸ்திரிகள் பலர் கருதுவதாலும், தற்கால வானசாஸ்திரத்தில் தனியிடம் பெற்றிருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹியோ மாநிலத்தில், டெலவேர் நகருக்கு அருகே, பேராசிரியர் ஜான் கிராவுஸ் அமைத்த 'பிக் இயர்' என்னும் ரேடியோ தூரதரிசினியைக் கொண்டு 1960களில் வானத்தைத் துருவி ஆராய்ந்த காலத்தில், அந்த ஆராய்ச்சியின் பட்டியலில் இது இடம்பெற்றது. பட்டியலின் முறைப்படி, முதலெழுத்து ஓஹியோவையும், இரண்டாம் எழுத்து வான நடுக்கோட்டின் 24 மணிக்கூறுகளுள் 8 மணிக்குரியதையும், 2 என்னும் எண் அக்கோட்டுக்கு வடக்கே 20 முதல் 30 பாகை வரையுள்ள பட்டையையும், 87 என்பது அம்மணிக்கூற்றை நூறாகப் பகுத்ததில் இது நிற்கும் இடத்தையும் குறிக்கின்றன. ஆகவே பெயரே விலாசமாகவும் அமைந்துவிட்டது. வானசாஸ்திரத்துக்கு இத்தகைய செல்வத்தை அளித்த அந்தத் தூரதரிசினி, அது நின்ற நிலம் விற்கப்பட்டமையால் 1998ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்டது என்பதை வருத்தத்துடன்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பிளேசார் இனத்தின் மூலபுருஷன் என்று சொல்லத்தக்கது பல்லி மண்டலத்திலுள்ள பி.எல். லாசர்டே என்னும் பொருள். அதனை 1929ஆம் ஆண்டில் ஜெர்மானியரான குனோ ஹாஃப்மைஸ்டர் ஒரு மாறுவிண்மீன் என்றே பதிவு செய்தார். சுமார் நாற்பது ஆண்டுகள் அது அவ்வாறே கருதப்பட்டு, 1968இல் வலிமையான ரேடியோ அலைகளின் உற்பத்தி ஸ்தானம் அதுவே என்று தெரிந்தபின்னரும், 1974இல் ஓக், கன் என்னும் இருவர் அதைச் சூழ்ந்த மங்கலான அண்டத்தின் ஒளியைப் பகுத்து அதன் தொலைவைக் கணித்த பின்னருமே, நம் அண்டத்துக்கு அப்பாற்பட்டதென்பது தெளிவாயிற்று. பிளேசார் என்ற பெயரை எட்வர்ட் ஸ்பீகல் 1978இல் வழங்கினார். ஓ.ஜே. 287இன் தொலைவை அறிவதும் எளிதாக இருக்கவில்லை. ஏனெனில் இவ்வகைப் பொருள்களின் நிறமாலையில், தொலைவை அளக்க உதவும் ஒளிர்கோடுகள், தாரையின் பேரொளியில் மூழ்கிப்போய் அரிதாகவே தலைகாட்டும். அரிதின் முயன்று கண்ட மெல்லிய கோடுகளிலிருந்து அதன் செம்பெயர்ச்சி 0.306 என்று நிர்ணயிக்கப்பட்டது.

பெருங்கருந்துளை ஒன்றைச் சுற்றி வட்டமாகச் சுழன்று உள்நோக்கி விழுகின்ற வாயுவில் ஒரு பகுதி, காந்தப்புலத்தின் செயலால், ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிய தாரையாக வெளியே வீசப்படுகிறது. அத்தாரை தற்செயலாக நம்மை நோக்கியே அமைந்துவிடும்போது, சார்பியல் விதிகளின்படி அதன் ஒளி நம் திசையில் குவிந்து பன்மடங்கு பெருகித் தோன்றுவதையே பிளேசார் என்கிறோம். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் உமிழும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சே ஆகையால் அவ்வொளி மிகுந்த தளவிளைவு உடையது, ஓ.ஜே. 287இல் அது சில வேளைகளில் முப்பது சதவீதத்தையும் தாண்டும். அதன் ஒளித்தரம் 12க்கும் 16க்கும் இடையே, அதாவது பிரகாசத்தில் ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசத்தில், ஏறியிறங்குகிறது. ஒரே இரவுக்குள் காணத்தக்க மாறுதல்களும் உண்டு. ரேடியோ அலைகளிலும் எக்ஸ் கதிர்களிலும் காமாக் கதிர்களிலும் அது ஒளிர்கிறது. 2017இல் எக்ஸ் கதிர்களில் அது பொங்கியெழுந்த சமயத்தில், அரிசோனாவிலுள்ள வெரிடாஸ் கருவிகள் மிக உயர்ந்த ஆற்றலுள்ள காமாக் கதிர்களையும் அதனிடம் கண்டன.

இதன் தாரையிலுள்ள ஒளிமுடிச்சுகள் ஒளியைவிடப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் விலகிச் செல்வதாகத் தோன்றுவது, இயற்கைவிதிக்கு முரணானது அன்று. ஒளிவேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வேகத்தோடு, நம் பார்வைக்கோட்டுக்கு 8 பாகைக் கோணத்தில் வரும் ஒரு முடிச்சு, தான் முன்பு அனுப்பிய ஒளியைத் தானே துரத்திக்கொண்டு வருவதால், நீண்ட காலத்துப் பிரயாணம் நமக்குச் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்ததாகச் சுருங்கித் தெரிந்து, ஒளியைப் போல் ஏழு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் நகர்வதான தோற்றத்தை அளிக்கும். வேகமும் கோணமும் சற்று மாறினாலே இத்தோற்றம் பெரிதும் மாறிவிடும்.

இக்கோணத்தின் சிறுமையே ஓ.ஜே. 287இன் ரேடியோ அமைப்பை விளங்கிக்கொள்வதற்குரிய திறவுகோலாகும். ஹவாய் முதல் விர்ஜின் தீவுகள் வரை பரவி நிற்கும் பத்து அமெரிக்க ரேடியோ வாங்கிகளை ஒன்றாக இணைத்து, 7 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கப்பட்ட படங்களை ஆராய்ந்த அகூடோ முதலியோர், 2004ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடையே தாரையின் உட்பகுதி வானத்தில் நூறு பாகைக்கும் அதிகமாகத் திசைதிரும்பிவிட்டது என்பதை 2012இல் வெளியிட்டனர். கருந்துளையிலிருந்து ஒளிக்கு நிகரான வேகத்தில் புறப்படும் ஒரு பெருந்தாரை இரண்டே ஆண்டுகளில் உண்மையாகவே அவ்வளவு திரும்பியிருக்க வேண்டுமென்பதில்லை: தாரை நம் பார்வைக்கோட்டோடு ஓரிரு பாகையே விலகி நிற்கும்போது, அதன் உண்மையான சாய்வில் நேரும் அற்பமான அசைவுகூட, நாம் காணும் வானத்தளத்தில் மாபெரும் திருப்பமாக விரிந்து தெரியும். எனினும் அந்த அற்ப அசைவுக்குக் காரணம் யாது என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. ஒழுங்கான காலமுறை எதற்கும் கட்டுப்படாத தடுமாற்றம் என்பது அகூடோ குழுவினரின் முடிவு. ஏறக்குறைய 22 ஆண்டுக்கொரு முறை தாரை பம்பரத்தின் தலைபோல் சுழன்றாடுகிறது என்பது சில்கே பிரிட்சென் முதலியோர் 2018இல் வெளியிட்ட அபிப்பிராயம்.

இன்னும் நுணுக்கமான காட்சியை அளித்தது, பூமியிலுள்ள வாங்கிகளுடன் ரஷ்யாவின் ரேடியோஅஸ்ட்ரான் விண்கலத்தையும் இணைத்து நடத்திய ஆராய்ச்சி. 2011இல் ஏவப்பட்டு, 10 மீட்டர் வாங்கியைச் சுமந்து, சந்திரனின் தொலைவை நெருங்கும் அளவுக்கு நீண்ட பாதையில் சுற்றிய அக்கலம், 2014 ஏப்ரலில் ஓ.ஜே. 287ஐ நோக்கியது. அதன் பயனாகக் கிட்டி 2022இல் வெளியான படம் ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 12 பங்கு அளவிலான நுட்பம் உடையது. சந்திரன்மேல் வைத்த ஒரு ரூபாய் நாணயம் பூமியிலிருந்து தென்படும் அளவே அது. அவ்வளவு தொலைவில் அந்த அளவு, ஓர் ஒளியாண்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். படத்தின் நுட்பம் கூடக்கூடத் தாரை நேராகத் தெரிவதற்கு மாறாக மேலும் மேலும் வளைந்தே தெரிந்தது; திருகிய நாடாவின் வடிவில் அது மையத்தை அணுகுகிறது. வெளிப்புறத்திலோ, 2007இல் சந்திரா எக்ஸ் கதிர்த் தூரதரிசினி கண்ட தாரை வானத்தில் 20 விகலை நீளமே உடையதாயினும், அது நம்மை நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கணக்கிட்டால் அதன் உண்மை நீளம் 30 லட்சம் ஒளியாண்டுக்கும் மேற்பட்டது என்று மார்ஷரும் யோர்ஸ்டாடும் மதிப்பிட்டனர். அதுவும் வளைந்தே செல்கிறது.

ஓ.ஜே. 287 ராசிமண்டலத்தில், சூரியன் செல்லும் பாதைக்கு அருகே இருப்பது, வானசாஸ்திரத்துக்கு வாய்த்த பாக்கியம். சிறுகோள்களையும் பிறவற்றையும் தேடி அப்பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஓயாமல் படம்பிடித்துவந்தவர்கள், தாம் இன்னதென்று அறியாத இப்பொருளின் சரித்திரத்தையும் தம் கண்ணாடித் தகடுகளில் எழுதிவைத்துவிட்டனர். ஹார்வர்டு தகடுகளும், ஹாஃப்மைஸ்டர் நிறுவிய சோனெபெர்க் வானாய்வகத்தின் தகடுகளும் இவ்வகையில் விலைமதிப்பற்றவை. அப்பழைய பதிவுகளோடு 1983இல் நிகழ்ந்த பேரொளிப் பெருக்கையும் சேர்த்துப் பார்த்த பின்லாந்து நாட்டு ஐமோ சில்லன்பா முதலியோர், சுமார் 12 ஆண்டுக்கொரு முறை பெருக்கு வருகிறது என்றும், இதற்கு இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதே காரணம் என்றும், அடுத்த பெருக்கு 1994இன் இலையுதிர்காலத்தில் வரும் என்றும் 1988இல் அறிவித்தனர். அது வந்தது, 1995இன் பிற்பகுதியில் இரண்டாவது பெருக்கும் தொடர்ந்தது.

பெருக்குகள் இரட்டையாக வருவதை விளக்கும் பொருட்டு, ஹாரி லேட்டோவும் மவுரி வால்டோனெனும் 1996இல் ஒரு சித்தாந்தத்தை வகுத்தனர். அதன் பிற்காலத் திருத்தங்களின்படி, பெரிய கருந்துளை சூரியனைப் போல் 1,835 கோடி மடங்கு நிறையுடையது. அதன் விளிம்பின் ஆரமே சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு வரும். சூரியனைப் போல் 15 கோடி மடங்கு நிறையுள்ள சிறிய கருந்துளை, நீள்வட்டப் பாதையில் சுற்றிவருகையில், பெரியதைச் சூழ்ந்த வாயுவட்டை ஒரு சுற்றில் இருமுறை ஊடுருவிச் செல்கிறது. ஊடுருவிய இடத்தில் வெப்பமடைந்து வெளியேறும் வாயுக்குமிழ் விரிந்து, ஒளி ஊடுருவத்தக்க மென்மையை அடைந்த கணத்தில் பெருக்காகத் தோன்றுகிறது. நமக்கு 12 ஆண்டாகத் தெரியும் சுற்று, பேரண்டம் விரிவதன் விளைவை நீக்கிப் பார்த்தால் அவ்விடத்தில் சுமார் 9 ஆண்டுதான். சுற்றுப்பாதையின் அச்சு, பொதுச் சார்பியலின்படி ஒவ்வொரு சுற்றுக்கும் 39 பாகை திரும்புகிறது. புதன் கிரகத்துக்கு இதே காரணத்தால் நேரும் திருப்பம் ஒரு நூற்றாண்டுக்கு 43 விகலைதான் என்பதை நினைத்தால், இங்கே ஐன்ஸ்டைனின் விதி எத்தகைய பிரம்மாண்டமான அளவில் செயற்படுவதாகக் கருதப்படுகிறது என்பது விளங்கும். இத்திருப்பத்தால்தான் பெருக்குகள் சம இடைவெளியில் வருவதில்லை.

இச்சித்தாந்தம் தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட துணிவு போற்றத்தக்கது. 2007 செப்டம்பர் 13ஆம் தேதியையொட்டி எதிர்பார்த்த பெருக்கு நிகழ்ந்தது. ஈர்ப்பு அலைகளால் பாதை சுருங்காதிருக்குமாயின் அது இருபது நாள் பிந்தியிருக்கும் என்பது கணக்கு. பொதுச் சார்பியலின் நூற்றாண்டு நிறைவையொட்டி 2015 டிசம்பரில் வந்த பெருக்கின்போது அதன் ஒளியில் தளவிளைவு குறைந்திருந்தது, அது தாரையிலிருந்து வந்ததன்று, வெப்பவாயுவிலிருந்து வந்தது என்ற வாதத்துக்கு வலுவூட்டியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லங்கேஸ்வர் டே, கோபகுமார் ஆகியோரும் பங்குகொண்ட கணிப்பின்படி 2019 ஜூலை 31ஆம் தேதி வரவேண்டிய பெருக்கைப் பூமியிலிருந்து காண வழியில்லை. அக்காலத்தில் சூரியன் கடகத்தில் நின்று அதை மறைக்கிறது. ஆனால் பூமியைப் பின்தொடர்ந்து சூரியனைச் சுற்றியபடி வெகுதூரம் விலகிவிட்டிருந்த ஸ்பிட்சர் தூரதரிசினிக்கு அத்தடை இல்லை. அது நோக்கியபோது, குறித்த நேரத்திலிருந்து நான்கு மணி நேர வித்தியாசத்துக்குள்ளாகவே பெருக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் ஸ்பிட்சரின் பணி முடிக்கப்பட்டுவிட்டது.

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. ஓயாதிருப்பதற்கு நியாயமும் உண்டு. 2015 முதல் ஸ்விஃப்ட் விண்கலத்தைக் கொண்டும், ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் ரேடியோ வாங்கியைக் கொண்டும் இதனை இடையறாது கண்காணித்துவரும் ஸ்டெஃபனி கோமோசா முதலியோர், 2022 அக்டோபரில் நிகழவேண்டுமென்று கணிக்கப்பட்டிருந்த பெருக்கு நிகழவில்லை என்றும், பெரிய கருந்துளையின் நிறை சூரியனைப் போல் சுமார் 10 கோடி மடங்கே என்றும் 2023இல் முடிவு கட்டினர். வால்டோனென் குழுவினரோ, கணக்கைத் திருத்திப் பார்க்குமிடத்து அப்பெருக்கு அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், சூரியனின் மறைவிலேயே நிகழ்ந்து முடிந்திருக்கும் என்று விடை கூறினர். காணமுடியாத காலத்தில் நிகழ்ந்ததென்னும் விடை தர்க்கத்துக்குப் பொருந்தலாம். ஆனால் 1994இலும் 2019இலும் கிடைத்த பிரத்தியட்சப் பிரமாணத்துக்கு அது ஈடாகாது. அதே வேளையில், அந்த முற்பட்ட கணிப்புகள் காலம் பிசகாமல் பலித்ததற்கு, ஒற்றைக் கருந்துளையும் ஆடும் தாரையும் மட்டுமே உண்டென்போர் இன்னும் தக்க சமாதானம் கூறினாரில்லை.

ஆகையால், ஓ.ஜே. 287இல் இரண்டு கருந்துளைகள் இருப்பது நிரூபணமாகிவிட்டதென்று பல நூல்களில் காணப்படும் கூற்றை ஏற்பதற்கில்லை. வலிமையான அனுமானம் என்று கொள்வதே முறையாகும். இருசாராரும் கூறும் நிறைகள் நூற்றெண்பது மடங்குக்குமேல் வேறுபடுவதால், முதலில் தீரவேண்டிய வழக்கு அந்த நிறையைப் பற்றியதே. அது 10 கோடி என்று உறுதிப்படுமானால், 39 பாகை திரும்பும் சுற்றுப்பாதையும், அதன் மேல் எழுப்பிய காலக்கணக்கும் நிற்கமாட்டா.